வரிசையில் நின்ற மழை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. கடல்காற்று அடிக்கிற ஊர்க் கதை இது. தள்ளி உட்கார்ந்தால் பாதி காதுக்கு வராது. சிரிப்பெல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கோணக்கரை என்று ஓர் ஊர். ஊர் முழுக்க உப்பளம். பாத்தியில் உப்புத்தண்ணியைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்ததை வாரி, மேட்டில் அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிற வரைக்கும் அந்த வெள்ளைக் குன்றுதான் அவர்களுக்குச் சோறு, துணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம். லாரிக்கு முன்னால் மழை வந்துவிட்டால் தீர்ந்தது. உப்பு வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

அந்த ஊரில் பலவேசம் என்று ஒரு புத்திசாலி இருந்தார். நாமாகச் சொல்லவில்லை, ஊரே சொன்னது. ஒரு தடவை உப்பு லாரியின் ஒரு டயர் பஞ்சராகி வண்டி சாய்ந்து நின்றது. எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது பலவேசம்தான் மற்ற டயர்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு வண்டியைச் சமமாக நிறுத்தினார். அன்றைக்கே அவரை உப்பளச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் பலவேசத்தின் அம்பாரம்தான் ஊரிலேயே உயரம். அவர் வீட்டுக் கூரையோ ஊரிலேயே ஓட்டை. ஒழுகுகிற இடத்தில் ஓர் அண்டாவை வைத்துவிட்டு அவர் சம்சாரம் சந்தனமாரி வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். "இந்த உப்பு லாரி ஏறட்டும், மொத வேலை கூரைதான்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள். லாரி சனிக்கிழமை வருகிறது. இது நடந்தது வெள்ளிக்கிழமை.

மழை வரும்போல இருந்தால் தார்ப்பாயை எடுத்து மூடினால் போயிற்று என்று நினைப்பீர்கள். கோணக்கரையில் அது முடியாது. போன வருஷம் வானம் கறுத்தது. ஊரே ஓடி ஓடி மூடியது. கடைசியில் ஒரு சொட்டு விழவில்லை. சங்கத் தலைவர் தவசிக்கனி அண்ணாச்சிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. உடனே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்: இனிமேல் மழை விஷயத்தில் வானத்தை நம்புவதில்லை. மழைக்காக யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்கவும் கூடாது. கம்ப்யூட்டர் சொன்னால் மூடுவது, சொல்லாவிட்டால் மூடுவதில்லை. தார்ப்பாய் எல்லாம் சங்கத்துக் குடோனில். குடோன் சாவி அண்ணாச்சியின் இடுப்பில்.

கம்ப்யூட்டர் எங்கே இருந்து வந்தது? நகரத்துக் கல்லூரி ஒன்றில் அறை நிறைய ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. காற்றையும் ஈரத்தையும் கணக்குப் போட்டு மழையைச் சொல்லும். பல ஊர்க்காரர்களுக்கும் அது பொது. அங்கிருந்து வினோதினி மேடம் என்று ஒரு பொண்ணு வந்து, சங்க அலுவலகத்து மேசையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பொம்மை கிடையாது.

"சார், ரொம்ப ஈசி. மூணே மூணு வார்த்தைதான். 'சப்மிட்'னு அடிச்சா, உங்க வேலை பெரிய கம்ப்யூட்டருக்குப் போய் வரிசையில நிக்கும். அது மூணு படியா நடக்கும்: முதல்ல காத்து விவரத்தைச் சேர்க்கும், அப்புறம் கணக்குப் போடும், கடைசியில மழை உண்டா இல்லையான்னு எழுதும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. 'ஸ்டேட்டஸ்'னு அடிச்சா எந்தப் படியில இருக்குன்னு காட்டும். வேண்டாம்னா 'கேன்சல்'. அவ்வளவுதான்."

"பாத்தியில தண்ணி விட்டு, காயவச்சு, வாருத மாதிரி" என்றார் பலவேசம்.

"கரெக்ட் சார்!" என்றாள் மேடம். புத்திசாலி ஒருவர் இருக்கிறாரே என்ற நிம்மதியில் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். பாவம், சின்னப் பொண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில் சங்க அலுவலகத்தில் நாலு பேர் கூடினார்கள். தவசிக்கனி அண்ணாச்சி, பலவேசம், பொருளாளர் எஸ்தாக்கி, அப்புறம் கொம்பையா. கொம்பையாவுக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் கூட்டம் நடந்தால் யாருக்கும் திருப்தியாக இருக்காது.

பலவேசம் 'சப்மிட்' என்று அடிக்கப் போனார். அண்ணாச்சி கையைப் பிடித்தார்.

"வே, அங்க இருக்கது அம்மாம்பெரிய கம்ப்யூட்டர். மொட்டையா 'சப்மிட்'டுன்னா என்ன மரியாதை? நீரு கலெக்டர் ஆபீசுல போயி 'மனு'ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டுத் திரும்பி வருவீரா?"

"வரமாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப முறையா எழுதும்."

பலவேசம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பெருமதிப்பிற்குரிய கம்ப்யூட்டர் அவர்களுக்குக் கோணக்கரை உப்பளச் சங்கத்தார் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது என்று தொடங்கி, எல்லாரும் நலம் என்பது வரைக்கும் அடித்தார். காபி வந்து ஆறிப்போனது. என்டரைத் தட்டினார். திரையில் இங்கிலீசில் ஒரு வரி வந்தது. பலவேசம் கூட்டிப் படித்தார்.

"கட்டளையைக் காணலையாம்."

"இப்பத்தானே அடிச்சீரு? எங்க போயிருக்கும்?"

கொம்பையா ஏற்கெனவே மேசைக்கு அடியில் போயிருந்தார். எஸ்தாக்கி அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். போன பொங்கலுக்குத் தொலைந்த எஸ்தாக்கியின் இடதுகால் செருப்பு கிடைத்தது. கட்டளை கிடைக்கவில்லை.

கடைசியில் மேடத்துக்குப் போன் போட்டு, அவள் திட்டி, மொட்டையாகவே 'சப்மிட்' என்று அடித்தார்கள். அண்ணாச்சி மட்டும் மனசு கேளாமல், பலவேசம் என்டரைத் தட்டும்போது தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இந்தத் தடவை திரை பதில் சொன்னது: வரிசையில் இருக்கிறது.

"சரி, வரிசைன்னா நிக்க வேண்டியதுதான்" என்றார் எஸ்தாக்கி.

"நிக்கது இருக்கட்டும்வே" என்றார் கொம்பையா. "அங்க நமக்குன்னு யாரு இருக்கா? திருச்செந்தூர் பஸ்சுல ஏறுதீரு. சன்னல் வழியாத் துண்டு போடாம சீட்டு கிடைக்குமா?"

நாலு பேரும் யோசித்தார்கள். கிடைக்காது. அதில் சந்தேகமே இல்லை.

"அப்ப நம்ம வேலைக்குப் பக்கத்துல ஒரு துண்டு போட்டு வைக்கணும்" என்றார் பலவேசம். இன்னொரு தடவை 'சப்மிட்' அடித்தார். "இது துண்டு."

"எனக்கொண்ணு போடும்" என்றார் எஸ்தாக்கி. போட்டார். கொம்பையாவுக்கும் ஒன்று போட்டார். அண்ணாச்சி தலைவர் என்பதால் அவருக்கு இரண்டு. அரை மணி நேரம் போனது. வேலை இன்னும் வரிசையில்தான் நின்றது.

"மனு குடுத்துட்டு வீட்டுல இருந்தா எந்த ஆபீசுல நகரும்? நினைவூட்டல் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார் அண்ணாச்சி. அதுவும் சரிதான். ஆளுக்கொரு தடவை எழுந்து வந்து 'சப்மிட்' அடித்து நினைவூட்டிவிட்டுப் போனார்கள். கொம்பையாவுக்கு அந்த என்டர் தட்டுகிற சத்தம் பிடித்துப்போய்விட்டது. அவர் எத்தனை தடவை நினைவூட்டினார் என்று அவருக்கே தெரியாது.

அப்புறம் பலவேசம் 'ஸ்டேட்டஸ்' அடித்தார். திரை மேலே இருந்து கீழே வரைக்கும் நிறைந்துவிட்டது. அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, கடைசியாப் போட்டதுக்கு முன்னால நிக்கது யாருன்னு பாத்தேன்."

"யாரு?"

"கோணக்கரை."

"நம்ம ஊரா?"

"நம்ம ஊரேதான். அதுக்கு முன்னால பாத்தேன். கோணக்கரை. அதுக்கும் முன்னால..."

"சொல்லும்வே."

"கோணக்கரை."

அண்ணாச்சிக்கு மீசை துடித்தது. "நம்ம ஊர்ப் பேரைச் சொல்லிக்கிட்டு எவனோ முன்னால ஏறி நிக்கான்! போடும் போனை!"

மேடம் போனில் மூச்சை இழுத்துவிடுவது நாலு பேருக்கும் கேட்டது. "சார், வேற யாரும் இல்ல சார். எல்லாமே நீங்க அனுப்பினதுதான். உங்களுக்கு முன்னாடி நிக்கிறது நீங்கதான்."

போனை வைத்தார்கள். எஸ்தாக்கி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நமக்கு முன்னால நாமளே நிக்கோம். நமக்கே வழிவிட மாட்டேங்கோம். எப்பேர்ப்பட்ட ஊருவே நம்ம ஊரு!"

"வெளியில சொல்லாதீரும்" என்றார் அண்ணாச்சி. "வெக்கக்கேடு. முன்னால நிக்கவன் பெரிய மனுசனா இருந்தா, 'நீங்க போங்க'ன்னு ஒதுங்க மாட்டானா?"

பலவேசத்துக்கு மூளை சுறுசுறுவென்று ஏறியது. "ஒதுங்க வச்சிருவோம் அண்ணாச்சி. கையில 'கேன்சல்' இருக்கு."

முதலில் நின்ற வேலையைக் கேன்சல் செய்தார். இரண்டாவதாக நின்றது முதலிடத்துக்கு வந்தது. நாலு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம். ஆனால் கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை.

"காலையில இருந்து நின்னதுவே அது. பாவம். ஒரேயடியாப் போகச் சொல்லிட்டீரே!"

அதுவும் நியாயம். ஒதுங்கியதற்கு மரியாதையாக இன்னொரு 'சப்மிட்' அடித்து, கடைசியில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது முதலில் நிற்பது? அதுவும் கோணக்கரை. அதையும் ஒதுங்கச் சொன்னார்கள். அதற்கும் பின்னால் இடம் கொடுத்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வேலையெல்லாம் முடிந்து, பெரிய கம்ப்யூட்டர் கோணக்கரைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றது. ஒரு வேலை காற்று விவரத்தைச் சேர்த்து முடித்து, கணக்குப் போடுகிற படிக்குக் காலை எடுத்தே வைத்துவிட்டது. "பின்னால இத்தனை பேர் நிக்கயில இவரு மட்டும் உள்ள போறாரு பாரும்" என்று அதையும் பிடித்துக் கேன்சல் செய்தார்கள்.

மத்தியானம் சந்தனமாரி சோற்றுத் தூக்கோடு வந்தாள்.

"என்னங்க, மேக்க கறுத்துக்கிட்டு வருது. நம்ம உப்பை மூடணும்."

"நீ வானத்தைப் பாத்தியா?" என்று பதறினார் பலவேசம்.

"தலைக்கு மேல இருக்கு. பாக்காம என்ன செய்ய?"

"தீர்மானம் போட்டிருக்கு சந்தனம். அண்ணாச்சி காதுல விழப்போவுது."

"கூரை போடுதது எப்ப? அதுக்கும் தீர்மானம் போட்டிருக்கா?"

"கம்ப்யூட்டர் சொல்லட்டும். வரிசையில மரியாதையாப் போய்க்கிட்டிருக்கோம்" என்றார் பலவேசம். அவள் தூக்கை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். பலவேசத்துக்குச் சன்னல் பக்கம் கழுத்து தானாகத் திரும்பியது. அண்ணாச்சி கனைத்தார். கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மேடமே போன் செய்தாள். கொம்பையா எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், என்ன சார் பண்றீங்க? ஒவ்வொண்ணும் முடியப் போற நேரத்துல கேன்சல் பண்றீங்களே! முதல்ல கையை எடுங்க! ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க! ஒண்ணையும்!"

நாலு பேரும் கையை எடுத்தார்கள். கொம்பையா கையில் இருந்த போன் நேராக டீ டம்ளருக்குள் விழுந்தது. அதை எடுக்கலாமா என்று எஸ்தாக்கி குனிந்தார்.

"தொடாதீரும்!" என்றார் அண்ணாச்சி. "ஒண்ணையும்னு ரெண்டு வாட்டி சொல்லுச்சுல்லா?"

நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியைத் தொட்டதாகும் என்பதால் நாலு பேரும் எழுந்து நடுவில் நின்றார்கள். கை ரெண்டையும் மேலே தூக்கிக்கொண்டார்கள். கொம்பையா மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் அதை ஊதி ஊதிப் பார்த்தார்.

வெளியே இடி இடித்தது.

"அண்ணாச்சி, இடி கேக்குதே."

"காதைப் பத்தித் தீர்மானத்துல ஒண்ணும் இல்ல. கேக்கலாம். நம்பத்தான் கூடாது."

சந்தனமாரி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "தூத்தல் விழுந்துட்டுது! குடோன் சாவியைக் குடுங்க அண்ணாச்சி!"

"குடுக்கணும்னா தொடணுமே தாயி."

"எங்க இருக்கு?"

"இடுப்புல."

அவள் அண்ணாச்சியின் இடுப்பைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். "உங்க உப்புங்க. நம்ம கூரைங்க. அந்தக் கையைக் கீழ இறக்கி அந்தச் சாவியை எடுங்க!"

பலவேசம் தூக்கிய கையோடு நின்றார். சனிக்கிழமை லாரி கண்ணில் தெரிந்தது, புதுக் கூரையும் தெரிந்தது. ஒரு விரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரே நிமிசம் சந்தனம். திரையைப் பாரு, ரெண்டாவது படி நடக்குது. கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு. இப்பப் போயி எதையாவது தொட்டுக் கெடுத்துட்டா அப்புறம் மழை வருமா வராதான்னே தெரியாமப் போயிரும்."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, இருந்த ஒரே கோரைப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள். ஊரிலேயே உயரமான குன்று, அதற்கு ஒரு பாய்.

பிறகு மழை வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. அலுவலகச் சன்னல் வழியாக அடித்த சாரலில் அண்ணாச்சி தீர்மானம் எழுதி மாட்டியிருந்த பலகை நனைந்து வழிந்தது. உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்து வாய்க்காலில் இறங்கியது. நாலு பேரும் கையைத் தூக்கியபடி நனைந்தார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

மழை நின்று வெயில் எட்டிப்பார்க்கிற நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. பலவேசம் கூட்டிப் படித்தார்.

"இன்று... மாலை... கனமழை!"

அலுவலகமே அதிர்ந்தது. எஸ்தாக்கி கொம்பையாவைக் கட்டிப்பிடித்தார். "துல்லியமாச் சொல்லிட்டுதுவே! ஒரு சொல்லு பிசகல!"

"வானமா இருந்தா ஏமாத்தியிருக்கும்" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கம்ப்யூட்டர் சொல்லிட்டுது. இப்ப மூடலாம். தீர்மானப்படி."

குடோனைத் திறந்தார்கள். ஊரையே கூப்பிட்டார்கள். பளீரென்ற வெயிலில் தார்ப்பாய்களைச் சுமந்துபோய், உப்பு இருந்த மேடுகளை ஒன்று விடாமல் மூடி, ஓரத்தில் கல்லு வைத்து, காற்றுக்குப் பறக்காதபடி கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அவ்வளவு நேர்த்தியாக அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் மூடியதில்லை.

பலவேசத்தின் மேட்டில் சந்தனமாரி பாயோடு உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட பாய்க்கு அடியில் மட்டும் ஒரு பானை அளவு உப்பு மிச்சம் இருந்தது. பலவேசம் அதைப் பார்த்துப் பூரித்தார்.

"பாத்தியா? மூடின உப்பு கரையல. தீர்மானத்துல மூடணும்னு போட்டது சரியாத்தான் இருக்கு."

சந்தனமாரி அந்தப் பானை உப்பை முந்தானையில் அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அப்போது கொம்பையா மூச்சிரைக்க ஓடிவந்தார். "பலவேசம்! இன்னொரு வரி வந்திருக்குவே! அதுலயும் கனமழை!"

எல்லாரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது. கனமழை. வரிசையிலோ காலையில் போட்ட துண்டும், நினைவூட்டலும், மரியாதைக்குப் பின்னால் இடம் கொடுத்ததும் திரை கொள்ளாமல் நின்றன.

"ஒரு ரிசல்ட்டுக்கு ஒரு மழை" என்றார் பலவேசம் மெதுவாக. "வந்தது ஒண்ணு. இன்னும் எத்தனை மழை நிக்குன்னு பாருங்க அண்ணாச்சி."

எஸ்தாக்கி தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஊரே மிதக்குமே! போடும்போது ஒருத்தனும் யோசிக்கலையே!" கொம்பையா தன் விரலைப் பார்த்து அழுதார். "அம்புட்டும் நான் தட்டினதுல்லா?"

பலவேசம் மட்டும் கலங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'கேன்சல்' அடித்தார். ஒரு மழை போனது. மறுபடி அடித்தார், இன்னொரு மழை போனது. சனம் வாசலில் மூச்சுவிடாமல் நின்றது. திரை காலியாகக் காலியாக வெளியே மேகம் விலகி வெயில் இன்னும் பளிச்சென்று அடித்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அண்ணாச்சி தன் துண்டை எடுத்துப் பலவேசத்தின் தோளில் போட்டார். "ஊரைக் காப்பாத்திட்டீருவே!"

மாலையும் கழுத்துமாக ஊர்வலம் விட வேண்டும் என்று பேச்சு நடக்கும்போது சந்தனமாரி வாசலில் வந்து நின்றாள். தலையில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டீங்களாக்கும்?"

"கடைசி ஒண்ணுதான் பாக்கி சந்தனம்."

"அதையாவது விட்டு வைங்க. சேலையெல்லாம் உப்பு. நம்மூரு கிணத்துத் தண்ணியும் உப்பு, அதுல அலச முடியாது. நல்ல தண்ணி ஒரு அண்டா பிடிச்சுக் குடுங்க, போதும். கூரைதான் போச்சு, அண்டாவாவது மிஞ்சட்டும்."

சொல்லிவிட்டு வெடுக்கென்று திரும்பிப் போய்விட்டாள். அவள் எந்த வயிற்றெரிச்சலில் அதைச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பலவேசத்துக்கு அது நியாயமான யோசனையாகப் பட்டது. என்டருக்குப் போன விரலை எடுத்துவிட்டார்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். ஒழுகலுக்கு வைத்திருந்த அண்டாவைக் காலி செய்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். 'ஸ்டேட்டஸ்' அடித்துப் பார்த்தார். மூன்றாவது படி நடந்துகொண்டிருந்தது.

அண்டாவை மேசைமேல் தூக்கி வைத்து, கம்ப்யூட்டர் திரையை அதற்கு மேலே தோதாகச் சாய்த்துப் பிடித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, காலையில் உடுத்திய சட்டை இப்போதுதான் காய்ந்திருக்கிறது என்று, இன்னொரு கையால் குடையை எடுத்து விரித்துக்கொண்டார்.